காத்தான்குடி மொத்தக் கடையும் என் ஒரு வருடக் கொப்பியும்

காத்தான்குடி பிரதான வீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்திலிருந்து ஒரு குறுக்கு வீதிக்குள் இறங்கினால் அந்த மொத்த விற்பனைக் கடை வரும். வாசலில் பெரிய தரைத் தராசு. அதற்கு மேலே ஒரு கரும்பலகை. பருப்பு, சீனி, கோதுமை மா, செத்தல் மிளகாய், தேங்காய் எண்ணெய் என்று அன்றைய விலையை வெண்கட்டியால் எழுதியிருப்பார்கள். உள்ளே கூரை வரை மூடைகள். செத்தல் மிளகாயின் நெடி தொண்டையைப் பிடிக்கும். அந்தக் கடையில் 2025 மார்ச் மாதத்திலிருந்து ஒரு வருடம் சாமான் வாங்கி, ஒவ்வொரு பில்லையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை. அங்கே நான் பட்ட ஒரு நட்டமும் இந்தக் கதையில் இருக்கிறது. அப்படியான கடைகள் நம் பக்கத்தில் பலவும் இருக்கின்றன. எந்தச் சாமானுக்காக அங்கே போகலாம், எதற்காகப் போகக் கூடாது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் பக்கத்து ஊரான ஆரையம்பதியில் இருக்கிறோம். நான் முன்பள்ளி ஆசிரியை. கணவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். ஒரு மாதம் கை நிறைய வேலை வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. மாமி, இரண்டு பிள்ளைகள், ஆக மொத்தம் ஐந்து பேர். வருமானம் இப்படி ஏறி இறங்குகிற வீட்டில் காசு கையில் இருக்கும்போதே சாமானை வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் தானாகவே வரும்.

எனக்கு அந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்தது 2022 இல். அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயு சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். அப்போது முந்திய மாதம் வாங்கி வைத்தவர் புத்திசாலி, வாங்காதவர் ஏமாந்தவர். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஆறு மாதத்துக்கான சவர்க்காரமும் பருப்பும் இருந்தன. அவர்களை எல்லோரும் பொறாமையோடு பார்த்தோம். அந்தப் பார்வை என்னைவிட்டுப் போகவே இல்லை. விலைகள் அடங்கிய பிறகும், 2025 பெப்ரவரியில் அதே சுட்டெண் 4.2 வீதம் கீழே இறங்கிய பிறகும்கூட, கடையில் ஒரு மூடையைக் கண்டால் வாங்கிப் போடு என்றுதான் கை சொன்னது. விலை இறங்குகிற காலத்தில் வாங்கிக் குவித்தால் நாளை மலிவாகக் கிடைக்கப்போவதற்கு இன்றே கூடுதலாகக் கொடுத்ததாகிவிடும். இது எனக்குப் புரிய ஒரு கொப்பி தேவைப்பட்டது.

முதலில் அந்த நட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் கடைசி. சித்திரை வருடப் பிறப்புக்கு முன் பால்மா விலை ஏறப் போகிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. கையில் காசு இல்லை. என் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து 40,000 ரூபாய் எடுத்தேன். மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. அன்று வாங்கியவை கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன: 400 கிராம் பால்மா பைக்கற் 24 கொண்ட ஒரு பெட்டி 25,320 ரூபாய், 25 கிலோ சீனி 5,750, நாட்டரிசி 25 கிலோ மூடை ஒன்று 5,625, துணி சவர்க்காரம் ஒரு டசின் 1,200. மொத்தம் 37,895 ரூபாய். இவற்றை வீட்டுக்குப் பக்கத்துச் சில்லறைக் கடையில் வாங்கியிருந்தால் 39,595 ஆகியிருக்கும். மிச்சம் 1,700 ரூபாய். சாமானோடு முச்சக்கர வண்டியில் வந்ததற்கு 400. ஆக, 1,300 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்று இரவு மாமியிடம் பெருமையாகச் சொன்னேன்.

சங்கிலியை மீட்க நான்கு மாதம் ஆனது. வட்டி 2,400 ரூபாய். இத்தோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. நாங்கள் மாதம் நான்கு பைக்கற்தான் பாவிப்போம். 24 பைக்கற் ஆறு மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் திகதி ஓகஸ்ட் மாதக் கடைசி! பெட்டிக்கு வெளியே அந்தத் திகதி கண்ணில் படும்படி இல்லை. உள்ளே பைக்கற்றில்தான் இருந்தது. அங்கேயே பெட்டியைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டேன். "பெட்டியாகக் கொடுத்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை ரீச்சர்" என்றார்கள். அவர்கள் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமே இல்லை. ஓகஸ்ட் முடிந்தபோது நான்கு பைக்கற் மிஞ்சியது. பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. 4,220 ரூபாய் மண்ணில் போனது. வட்டியையும் சேர்த்தால், மிச்சம் என்று நான் நினைத்த 1,300 ரூபாயைக் கழித்த பிறகும் அந்த ஒரே பயணத்தில் எனக்கு 5,320 ரூபாய் நட்டம்.

அன்றிலிருந்து ஒரு முடிவு எடுத்தேன். அடகு வைத்தோ, கைமாற்று வாங்கியோ மொத்தமாக வாங்குவதில்லை. மொத்தக் கடையில் கிடைக்கும் மிச்சம் பெரும்பாலும் நூற்றுக்கு நான்கு, ஐந்துதான். ஒன்றரை ரூபாய் வட்டி மூன்றே மாதத்தில் அதைத் தின்றுவிடும்.

அரிசியில் இன்னொரு பாடம் கிடைத்தது. பார்வைக்குப் பெரியது மூடைதான். ஆகவே மிச்சமும் அதில்தான் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்சவிலை அறிவித்தபோது நாட்டரிசிக்கு மொத்த விலை 225 ரூபாய், சில்லறை விலை 230 ரூபாய் என்று வைத்தது. இரண்டுக்கும் இடையே கிலோவுக்கு ஐந்து ரூபாய்தான். 25 கிலோ மூடையில் 125 ரூபாய் மிச்சம். முச்சக்கர வண்டிக்கு 400 கொடுத்து அந்த மூடையை வீட்டுக்குக் கொண்டு வந்தால் என்ன மிச்சம்? கணவர் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தால் சரி. இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் ஐந்து கிலோ, ஐந்து கிலோவாக வாங்குவதே மேல். அங்கே அரிசி குழைந்தால் மறுநாள் போய்ச் சொல்லலாம். அடுத்த முறை வேறு ஆலை அரிசி தருவார்கள்.

அரிசியில் உண்மையான மிச்சம் எங்களுக்குக் கிடைத்தது கடையில் இல்லை, மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில். மாமியின் தங்கை வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். முன்பு அங்கிருந்து நெல் கொண்டுவர வேண்டுமென்றால் மண்முனைத் துறையில் பாதைக்காக, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்காக, காத்திருந்து, மூடைகளை ஏற்றி இறக்கிப் பட்ட பாட்டை மாமி இப்போதும் சொல்வார். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அரை மணி நேரப் பயணம். சிறுபோக அறுவடை முடிந்து, செப்டெம்பரில் எனக்குச் சீட்டு விழுந்தது. அந்தக் காசில் காய்ந்த நாட்டு நெல் 200 கிலோ வாங்கினேன். கிலோ 120 ரூபாய். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலையும் அதுவே, ஆகவே விற்றவருக்கும் குறை இல்லை. நெல்லுக்கு 24,000. அவித்துக் காயவைத்துக் குத்த ஆலைக்கு 2,000. லேண்ட் மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கூலி 1,200. மொத்தம் 27,200 ரூபாய்.

மாமி சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே தடவையில் குத்தவில்லை. நெல்லாக இருந்தால் உமி அதைக் காக்கும். அரிசியாக்கிவிட்டால் ஒன்றரை மாதத்தில் வண்டு வந்துவிடும். பாதியைச் செப்டெம்பரில் குத்தினோம், மீதியை நவம்பர் முதல் வாரத்தில். அதற்குமேல் தள்ளிப்போட முடியாது, மழை தொடங்கிவிட்டால் அவித்த நெல் காயாது. இரண்டு தடவையும் சேர்த்து 131 கிலோ அரிசி வந்தது. கிலோ 207 ரூபாய் 60 சதம். அதே 131 கிலோவைக் கடையில் 230 படி வாங்கியிருந்தால் 30,130 ரூபாய். மிச்சம் 2,930. தவிட்டையும் கேட்டு வாங்கிக் கோழிகளுக்கு வைத்தோம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் வேலை இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். மூடைகளைத் தரையில் வைக்கக் கூடாது, சுவரில் சாய்க்கவும் கூடாது. கணவர் பழைய பலகைகளை அறுத்து ஒரு சாண் உயரத்தில் தட்டு அடித்துத் தந்தார். குத்திய அரிசி தகரப் பரலுக்குள் போனது. மாமி நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து இடையிடையே வைத்தார். நாளுக்கு ஒரு முறை பரலைத் திறந்து சுண்டால் அளந்து எடுத்ததும் மூடியை அழுத்தி மூட வேண்டும். பிள்ளைகள் மூட மறந்தால் பூனை முதல் எலி வரை எல்லாம் வரும். நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை கொட்டியபோது வாசற்படி வரை தண்ணீர் வந்தது. அன்று இரவு முழுவதும் மீதி அரிசிப் பரலை மேசை மேல் ஏற்றி வைத்துவிட்டுக் காவல் இருந்தோம். வெள்ளம் வருகிற ஊரில் இருக்கிறோம். வீட்டில் மேடான ஓர் இடம் இல்லாதவர்கள் ஐப்பசிக்குப் பிறகு எதையும் மூடையாக வாங்காமல் இருப்பது நல்லது.

கடைக்கு வருவோம். அந்தக் கடை எனக்கு உண்மையாக உதவியது சவர்க்காரத்தில். துணி சவர்க்காரம் சில்லறையில் ஒன்று 110 ரூபாய், டசினாக எடுத்தால் ஒன்று 100. இது பார்வைக்குச் சிறிய மிச்சம். ஆனால் என் அம்மம்மா சவர்க்காரம் வாங்கி வந்தால் உடனே உறையைக் கிழித்துவிடுவார். கட்டிகளை ஒன்றோடொன்று முட்டாமல், குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் போகிற மாதிரி அலுமாரிக்கு மேல் அடுக்கி வைப்பார். வீடு முழுக்கச் சவர்க்கார வாசம் வரும். ஏன் என்று கேட்டால் "காய்ந்த சவர்க்காரம் கரையாது பிள்ளை" என்பார். இதையும் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். உறையிலிருந்து புதிதாக எடுத்த கட்டி எங்கள் வீட்டில் ஐந்து நாள் வந்தது. இரண்டு மாதம் காய்ந்த கட்டி ஏழு நாள் வந்தது. சவர்க்காரத்தில் இருக்கும் ஈரம் போகப் போகக் கட்டி இறுகும். கல்லில் தேய்க்கும்போது குழையாது. காய வைக்க வேண்டுமானால் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு சாமானில், மொத்தமாக வாங்கி வைப்பதே அதன் ஆயுளைக் கூட்டுகிறது. இப்போது எப்போதும் இரண்டு டசின் அலுமாரி மேல் இருக்கிறது. குளிக்கிற சவர்க்காரத்தையும் அப்படியே அடுக்குகிறேன். வாசம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சவர்க்காரத் தூள் நேர் எதிர். ஒரு கிலோ பைக்கற் 480 ரூபாய். எங்களுக்கு 24 நாள் வரும். நாளுக்கு 20 ரூபாய். மொத்தக் கடையில் நான்கு கிலோ பை 1,720, அதாவது கிலோ 430. கிலோவுக்கு ஐம்பது ரூபாய் மிச்சம் என்று எடுத்து வந்தேன். 96 நாள் வர வேண்டியது 70 நாளில் முடிந்தது. நாளுக்கு 24 ரூபாய் 50 சதத்துக்கு மேல் செலவு! பை பெரிதாக இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. மகள் தன் பள்ளிச் சப்பாத்தைக் கழுவ ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவதைக் கண்ணாலே கண்டேன். சிறிய பைக்கற்றாக இருந்தால் அவள் அப்படிச் செய்ய மாட்டாள், ஏனென்றால் அடி தெரியும். அடுத்த பையை வாங்கியதும் அதை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, ஒரு பழைய பால்மாப் போத்தலில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு, உள்ளே ஒரு மேசைக்கரண்டியையும் வைத்தேன். அந்தப் பை 92 நாள் வந்தது. நாளுக்கு 18 ரூபாய் 70 சதம். பிஸ்கட், சீனி, தேயிலை இவற்றுக்கும் இதே நோய் உண்டு. 25 கிலோ சீனி வீட்டில் இருந்த காலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டாவது தேநீரும் ஊற்றினோம். விருந்தோம்பலைக் குறை சொல்லவில்லை. சீனியில் மிச்சம் பிடித்தோம் என்று மட்டும் சொல்ல முடியாது.

தேங்காய் எண்ணெயில் அளவுகள் ஆளைக் குழப்பும். பக்கத்துக் கடையில் போத்தல் கணக்கு, சுப்பர்மார்க்கெட்டில் லீற்றர், மொத்தக் கடையில் கிலோ. நம் ஊரில் ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு போத்தல் எண்ணெய் நிறுத்தால் ஏறத்தாழ 690 கிராம்தான் வரும். பக்கத்துக் கடையில் போத்தல் 900 ரூபாய். மொத்தக் கடையின் பலகையில் கிலோ 1,260. முதல் நாள் பலகையைப் பார்த்து, இவ்வளவு விலையா என்று திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தால் 690 கிராம் 869 ரூபாய் வருகிறது. போத்தலுக்கு 31 ரூபாய் குறைவு. எனவே எண்ணெயை அங்கே வாங்கலாம். ஆனால் மூன்று கிலோவுக்குமேல் ஒருபோதும் வேண்டாம். ஐந்து லீற்றர் கானில் வாங்கியது இரண்டரை மாதத்தில் காறல் வாடை அடித்தது. கானில் எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது, நம் வெக்கையும் சேர்ந்துகொள்கிறது. கடைசி ஒரு லீற்றரை விளக்குக்குத்தான் ஊற்றினேன். இப்போது வாங்கி வந்த அன்றே கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தல்களில் கழுத்து வரை நிரப்பி, வெளிச்சம் படாத மூலையில் வைக்கிறேன்.

பால்மாவில் 400 கிராமோடு நின்றுகொண்டேன். ஒரு கிலோ பைக்கற் கிலோவுக்கு நூறு ரூபாய் குறைவு. ஆனால் மாரி காலத்தில் திறந்த பைக்கற் இரண்டு வாரத்தில் கட்டி பிடிக்கிறது. தேங்காய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு பற்றி எழுத ஒன்றுமில்லை. மூடையாக வாங்கி அழுகக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கொப்பியில் மிகப் பெரிய மிச்சம் எதில் என்று பார்த்தால் மிளகாய்த் தூளில். நூறு கிராம் பைக்கற் 150 ரூபாய்க்கு வாங்கினால் கிலோ 1,500. ஜூலையில், கச்சான் காற்று அடித்து வெயில் காயும் நாட்களில், மொத்தக் கடையில் செத்தல் மிளகாய் மூன்று கிலோ எடுத்தேன், கிலோ 820 படி 2,460 ரூபாய். வாங்கும்போது ஒரு மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்தது. சத்தமில்லாமல் கை விரலோடு வளைந்தால் அது ஈரத்தின் நிறையையும் சேர்த்து விற்கிற மிளகாய். கடைப் பையன் இதைப் பார்த்துவிட்டு அடி மூடையிலிருந்து வேறு மிளகாய் எடுத்துத் தந்தான். காம்பு கிள்ளி, மூன்று நாள் வெயிலில் போட்டு, ஆலையில் அரைக்க 240 ரூபாய் கொடுத்தோம். 2 கிலோ 800 கிராம் தூள் வந்தது. கிலோ 965 ரூபாய்கூட இல்லை. கிலோவுக்கு 535 ரூபாய் மிச்சம்! நெல்லிலும் மிளகாயிலும் கண்டது ஒன்றே: மூடை பெரிதாக இருப்பதால் கிடைப்பது சில்லறை மிச்சம், காயவைப்பது, காம்பு கிள்ளுவது, ஆலைக்குக் கொண்டுபோவது என்று இன்னொருவர் செய்து நம்மிடம் கூலி வாங்கும் வேலையை நாமே செய்யும்போதுதான் காசு உண்மையாகக் கையில் நிற்கிறது. அந்த வேலைக்கு வீட்டில் ஆளும் நேரமும் இருக்க வேண்டும். எங்களுக்கு மாமி இருக்கிறார். மாமியின் உழைப்புக்கு நான் விலை போடவில்லை என்பது எனக்குத் தெரியும். மிளகாய் காம்பு கிள்ளிய அன்று அவருடைய விரல்கள் இரவெல்லாம் எரிந்தன. அதனால் அடுத்த தடவை நானும் மகளும் சேர்ந்து உட்கார்ந்தோம், கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு.

கடையைப் பற்றி இன்னும் சில செய்திகள். தராசில் நேர்மை உண்டு. கேட்காமலேயே நிறுத்துக் காட்டுவார்கள். ஒரு தடவை பருப்பு மூடையில் சாக்கின் நிறையைக் கழித்துப் பார்த்து முந்நூறு கிராம் குறைந்ததும், முதலாளியே வந்து அள்ளிப் போட்டார். விலைப் பலகை எப்போதும் கண்ணுக்கு முன்னால். பற்றுச்சீட்டு மட்டும் கேட்டால்தான் வரும். கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை, எனவே கூச்சப்படாமல் கேளுங்கள். விலையிலோ திகதியிலோ பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பால்மா விடயத்தில் நான் அதை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. அது என் தவறு. பெட்டியாக எதை வாங்கினாலும் தராசடியிலேயே பிரித்து உள்ளே ஒரு பைக்கற்றின் திகதியைப் பாருங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன் போனால் கூட்டம் இல்லை, பேசி வாங்க நேரம் கிடைக்கும்.

பருப்புக்குத்தான் கடைசியில் ஒரு நல்ல வழி கண்டோம். பத்து கிலோ எடுத்தால் கிலோ 272, சில்லறையில் 300. ஆனால் நாங்கள் மாதம் மூன்று கிலோதான் பாவிப்போம். பத்தாவது வாரத்தில் முதல் பத்துக் கிலோவில் வண்டு கண்டு, முற்றத்தில் பாய் விரித்துப் புடைத்துக் களைத்துப் போனேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அக்கா, "இதைத் தனியாக ஏன் சுமக்கிறாய்? எனக்கும் தா, நானும் காசு தருகிறேன்" என்றார். இப்போது மூன்று வீடு சேர்ந்திருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரே முச்சக்கர வண்டியில் போய்ப் பத்து கிலோ பருப்பு, ஐந்து கிலோ சீனி, மூன்று டசின் சவர்க்காரம் எடுத்து வருகிறோம். 400 ரூபாய் மூன்றாகப் பிரிகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் சமையல் தராசை வைத்துப் பங்கு போடுகிறோம். தராசின் முள்ளை மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார், அவர் தலையசைத்த பிறகுதான் பை கட்டுவோம். போன மாதம் கடைக்காரக் காக்கா நாங்கள் மூவரும் இறங்கியதைப் பார்த்துவிட்டு, பையனிடம் பெரிய மூடையைத் தள்ளி வைக்கச் சொல்லி, பத்துக் கிலோவை நிறுக்கத் தொடங்கினார். நாங்கள் இன்னும் வாய் திறக்கவே இல்லை.